திறப்பைத் திருப்பினா சத்தமே இல்லை: பழைய ஒட்டோ கியர் வண்டியில நியூட்ரல் சுவிட்ச் பழுதா எண்டு எப்படிப் பாக்கிறது

போன மாரியில ஒரு நாள் காலமை ஆறு மணிக்கு மாமா போன் எடுத்தார். திருகோணமலை உப்புவெளி வீட்டில இருந்து மாமியை ஆஸ்பத்திரிக்கு கிளினிக் கொண்டு போகோணும், கார் ஸ்டார்ட் ஆகேல்லையாம். கார் பழைய 110 கொரொல்லா, ஒட்டோ கியர். "தம்பி, திறப்பைத் திருப்பினா டாஷ்ல லைட் எல்லாம் பத்துது, ஹோர்ன் அடிக்குது, ஆனா செல்ப் சத்தமே இல்லை" எண்டார். நான் கேட்ட முதல் கேள்வி, "மாமா, கியரை நியூட்ரலுக்குப் போட்டுட்டு ஒருக்கா திருப்பிப் பாத்தீங்களா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கதை இல்லை, பிறகு போனுக்குள்ளால இஞ்சின் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டுது.

எனக்கு மனசு வருத்தமாப் போனது அதுக்குப் பிறகுதான். ஏனெண்டா அதுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னம் இதே பிரச்சினைக்கு ஒரு கராஜில ஸ்டாட்டர் மோட்டரையே மாத்திக் குடுத்திருந்தவங்க, மாமாவும் காசைக் குடுத்திட்டு வந்திட்டார், கொஞ்ச நாள் நல்லா ஓடினது, திரும்ப அதே கதை. மோட்டரைக் கழட்டிப் பூட்டேக்க கியர் லீவரை அங்கயும் இங்கயும் ஆட்டியிருப்பாங்க, அந்த ஆட்டத்தில உள்ளுக்குள்ள ஒரு சின்ன சுவிட்ச் தற்செயலாப் பிடிச்சிருக்கு, அதுதான் நடந்தது. அந்தச் சின்ன சுவிட்சைப் பத்தித்தான் இதை எழுதுறன், கரண்ட் பாக்கிற ஒரு மீற்றரும் ஒரு பல்பும் இருந்தா வீட்டு முத்தத்தில வச்சே கண்டுபிடிக்கலாம்.

நியூட்ரல் சேப்டி சுவிட்ச் எண்டா என்ன? ஒட்டோ கியர் வண்டியில லீவர் பார்க்கில அல்லது நியூட்ரல்ல இருந்தா மட்டும்தான் செல்ப் அடிக்க விடுற சுவிட்ச். ட்ரைவ்லயோ றிவேர்ஸ்லயோ கிடக்கேக்க திறப்பைத் திருப்பினா இஞ்சின் பிடிச்ச உடனே வண்டி பாஞ்சிடும், முன்னால சுவர் இருக்கோ பிள்ளை நிக்குதோ அது பாக்காது. அதைத் தடுக்கத்தான் இது. அமெரிக்காவில 1968 ல இருந்தே ஒட்டோ கியர் வண்டிக்கு இந்தத் தடுப்பு சட்டப்படி இருந்தாகோணும் எண்டு வந்திட்டுது, ஜப்பான் வண்டிகள்லயும் இது எல்லாத்திலயும் இருக்கு. ஜப்பான் வண்டி பாக்கிற பாஸ்மார் இதை இன்ஹிபிட்டர் சுவிட்ச் எண்டும் சொல்லுவாங்க, கடையில கேக்கேக்க ரெண்டு பேரையும் சொல்லிக் கேளுங்க.

எங்கட ஊர் ஆக்களுக்கு இப்பிடிச் சொன்னா விளங்கும். கிண்ணியாப் பாலம் 2009 ல திறக்க முன்னம் நாங்க பாதையிலதானே, அதுதான் வாகனம் ஏத்திற மிதவைப் படகில, தண்ணியைக் கடந்தம், பாதை வந்து கரையோட வடிவாப் பொருந்தி நிண்டாத்தான் வாகனத்தை ஏற விடுவாங்க, கொஞ்சம் விலகி நிண்டா எவ்வளவு அவசரம் எண்டாலும் நிக்க வேண்டியதுதான். இந்த சுவிட்சும் அப்பிடித்தான். உள்ளுக்கு ஒரு செம்புத் துண்டு கியர் லீவரோட சேந்து சுத்தும், லீவர் பார்க்குக்கோ நியூட்ரலுக்கோ வந்தா அது ரெண்டு முனையைச் சேத்துப் பிடிக்கும், கரண்ட் கடந்து போகும், மற்ற இடங்கள்ல முனை ரெண்டும் தனித்தனிய நிக்கும். பழசாகி செம்பு தேஞ்சாலோ, கறுத்தாலோ, சுவிட்ச் ஒரு நூல் விலகி நிண்டாலோ நீங்க பார்க்கில போட்டிருந்தாலும் அது பார்க் எண்டு நம்பாது.

கரண்ட் போற வழியை மனசில வச்சுக்கொண்டா மிச்சம் எல்லாம் லேசு. பற்றரியில இருந்து திறப்பு சுவிட்சுக்கு வரும், நீங்க ஸ்டார்ட் பக்கம் திருப்பி வச்சிருக்கிற அந்த நேரம் மட்டும் அங்கால போகும், இந்த நியூட்ரல் சுவிட்சுக்குள்ளால போய், சில வண்டியில ஒரு ரிலேக்கும் சில வண்டியில நேரா ஸ்டாட்டர் மோட்டருக்கு மேல இருக்கிற சொலினொயிட்டுக்கும் போகும், சொலினொயிட் இழுத்தாத்தான் பற்றரியில இருந்து வாற தடிச்ச வயர் கரண்ட் மோட்டருக்குப் பாஞ்சு இஞ்சின் சுத்தும். சங்கிலி மாதிரி, ஒரு கண்ணி விட்டாலும் சத்தமே வராது. ஒரு சில வண்டியில மட்டும் இந்த சுவிட்ச் ரிலேயின்ட எர்த் (மைனஸ்) பக்கத்தில இருக்கும், அதனால உங்கட வண்டியின்ட வயரிங் படம் கிடைச்சா ஒருக்கா பாத்திட்டுத் தொடங்குங்க. சாதாரண கியர் வண்டியிலயும் சிலதில கிளச் பெடலுக்குக் கிட்ட இதே வேலைக்கு ஒரு சுவிட்ச் இருக்கும், பாக்கிற முறை கிட்டத்தட்ட ஒண்டுதான்.

2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 பெப்ரவரி வரைக்கும் சொந்தப் பாவிப்புக்கு ஒரு கார் இறக்க ஏலாமக் கிடந்தது, அதால எங்கட ஊர்ல இருபது இருபத்தஞ்சு வருச வண்டியை எல்லாம் ஆக்கள் பொத்திப் பொத்தி ஓடினம், இப்பவும் ஓடுறம். அதோட உப்புவெளி, நிலாவெளி மாதிரிக் கடலோட ஒட்டின இடத்தில வாடைக் காத்து அடிக்கேக்க உப்புப் பறந்து வந்து எல்லா கனெக்டருக்குள்ளயும் பச்சை பிடிக்கும், கச்சான் காலத்தில ரோட்டுப் புழுதி போய் அப்பும். இந்த சுவிட்ச் கியர் பெட்டியில, வெளியில, திறந்த இடத்தில இருக்கிற சாமான். பழுதாகாட்டித்தான் அதிசயம்.

சரி, இப்ப பாக்கிற முறைக்கு வருவம். முதல்ல காது. திறப்பைத் திருப்பேக்க டக்-டக்-டக் எண்டு கெதியா அடிக்குதெண்டா அது பற்றரி பலவீனம் இல்லாட்டி பற்றரி முனை லூஸ். ஒரே ஒரு கனமான டக், பிறகு ஒண்டும் இல்லை எண்டா சுவிட்ச் தன்ட வேலையைச் செய்திட்டுது, பிரச்சினை ஸ்டாட்டருக்குள்ள. டொயோட்டா ஸ்டாட்டர்ல உள்ளுக்கு இருக்கிற செம்புக் கொன்டாக்ட் தேஞ்சா அப்பிடித்தான் வரும், முழு மோட்டரை மாத்தத் தேவையில்லை, அந்தக் கொன்டாக்டை மட்டும் மாத்தலாம். செல்ப் நல்லாச் சுத்துது ஆனா இஞ்சின் பிடிக்குதில்லை எண்டா இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை, அது பெற்றோல் அல்லது பிளக் பக்கம். முழு அமைதி, ஒரு சின்ன டிக் கூட இல்லை எண்டாத்தான் எங்கட சுவிட்ச் மேல சந்தேகம் வரோணும்.

அடுத்தது ஹெட்லைட். லைட்டைப் போட்டுட்டு திறப்பைத் திருப்புங்க, லைட் மங்கி விழுந்தா கரண்ட் எங்கயோ போகுது, பற்றரியை அல்லது ஸ்டாட்டரைப் பாருங்க, லைட் கொஞ்சமும் அசையாம அப்பிடியே பத்திக்கொண்டு நிண்டா கரண்ட் ஸ்டாட்டர் பக்கம் போகவே இல்லை. மீற்றர் இருந்தா பற்றரியில வச்சுப் பாருங்க, முழுசா சார்ஜ் ஏறின பற்றரி ஆறி நிக்கேக்க 12.6 வோல்ட் கிட்டக் காட்டும், 12 க்கு கீழ எண்டா முதல்ல அதைச் சார்ஜ் பண்ணிட்டு வாங்க. பற்றரி முனையில வெள்ளைப் பூப் பூத்திருந்தா சுடுதண்ணி விட்டுத் துடைச்சு இறுக்குங்க, இதைச் செய்யாம மற்றதுக்குப் போகாதீங்க, நான் பாத்த வண்டிகள்ல பாதிக்கு மேல இதிலயே முடிஞ்சிருக்கு.

பற்றரி நல்லம் எண்டா கியர் லீவர். இதுதான் காசில்லாத, நிச்சயமான பரிசோதனை. ஹேண்ட்பிரேக்கை முழுசா இழுங்க, பிரேக் பெடலை அமத்திப் பிடிங்க, வண்டிக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஆரும் நிக்கக் கூடாது. பார்க்கில திருப்புங்க, இல்லையா, நியூட்ரல்ல திருப்புங்க. ஒண்டில அடிச்சு மற்றதில அடிக்கேல்லை எண்டா சுவிட்சோ அதை ஆட்டுற கேபிளோதான், வேற ஒண்டும் இல்லை. ரெண்டிலயும் இல்லை எண்டா திறப்பை ஸ்டார்ட்லயே பிடிச்சுக்கொண்டு, பெடலை விடாம, லீவரை பார்க்குக்கும் நியூட்ரலுக்கும் இடையில மெல்ல அசைச்சுப் பாருங்க, எங்கயோ ஒரு இடத்தில செல்ப் சட்டெண்டு பிடிச்சா சுவிட்ச் விலகி நிக்குது. இன்னொரு அடையாளம் றிவேர்ஸ் லைட், நிறைய வண்டிகள்ல றிவேர்ஸ் லைட்டுக்கான கரண்டும் இதே சுவிட்சுக்குள்ளாலதான் போறது, பல்ப் நல்லம் ஆனா றிவேர்ஸ்ல போட்டா லைட் பத்துதில்லை, இல்லாட்டி லீவரை ஒருக்கா ஆட்டினாப் பத்துது எண்டா ரெண்டும் ஒரே வருத்தம். டாஷ்ல கியர் காட்டுற லைட் லீவரோட ஒத்துப் போகாட்டியும் அதேதான்.

ரோட்டில மாட்டிக்கொண்டா லீவரைப் பார்க்கில இருந்து கடைசி வரைக்கும் பத்துப் பதினஞ்சு தரம் இழுத்து விடுங்க, உள்ளுக்கு கொன்டாக்ட் உரஞ்சி கொஞ்சம் துப்புரவாகும், அநேகமா ஒருக்காப் பிடிக்கும், வீட்ட வந்து சேரலாம். தள்ளி ஸ்டார்ட் பண்ண நினைக்காதீங்க, ஒட்டோ கியர் பெட்டியில எண்ணெய் அமுக்கம் இஞ்சின் சுத்தினாத்தான் வரும், நாலு பேர் சேந்து ஓர்ஸ் ஹில் ஏத்தத்தில இருந்து தள்ளி விட்டாலும் சில்லு சுத்துமே தவிர இஞ்சின் சுத்தாது. இன்னொண்டையும் ஆக்கள் இதோட குழப்பிறாங்க: ஸ்டார்ட் ஆகுது ஆனா லீவர் பார்க்கில இருந்து அசையுதில்லை எண்டா அது இந்த சுவிட்ச் இல்லை, அது பிரேக் அமத்தினாத்தான் லீவரை விடுற லொக். பிரேக் லைட் பத்துதா, அதின்ட பியூஸ் நல்லமா எண்டு பாருங்க.

இனி மீற்றர் வேலை. ஸ்டாட்டர் மோட்டர்ல ஒரு மொத்த வயரும் ஒரு மெல்லிய வயரும் வரும், மெல்லிய வயர்தான் சங்கிலியின்ட கடைசிக் கண்ணி. ஒரு 12 வோல்ட் பல்பில ரெண்டு வயர் ஒட்டி ஒரு பக்கத்தை எர்த்ல பிடிச்சு மற்றதை அந்த மெல்லிய வயர்ல தொட்டுக்கொண்டு, இன்னொராளைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்க. கையும் சட்டையும் பெல்ட், விசிறிப் பக்கம் போகாமப் பாத்துக்கொள்ளுங்க. பல்ப் பளிச்செண்டு பத்தியும் செல்ப் சுத்தாட்டி உங்கட சுவிட்சில ஒரு குறையும் இல்லை, ஸ்டாட்டரைக் கழட்டலாம். பல்ப் பத்தாட்டி ஸ்டாட்டரைத் தொடவே வேண்டாம். மாமாவுக்கு இந்தப் பல்ப் வேலையை ஆராவது செய்து காட்டியிருந்தா அந்தக் காசு மிச்சம், ஐஞ்சு நிமிசம்தான் எடுத்திருக்கும்.

பல்ப் பத்தேல்லை எண்டா அப்பிடியே பின்னுக்கு வாங்க, நியூட்ரல் சுவிட்சுக்கு. முன் சில்லு இழுக்கிற கார்கள்ல பெரும்பாலும் பொனட்டைத் திறந்தா கியர் பெட்டிக்கு மேல, பற்றரிக்கோ எயார் கிளீனருக்கோ கீழ, கியர் கேபிள் வந்து ஒரு சின்ன லீவரை ஆட்டுற இடத்தில தெரியும். இஞ்சின் சீற்றுக்குக் கீழ இருக்கிற பழைய வான்கள்ல கீழ படுத்துத்தான் பாக்கோணும், ஜக் மட்டும் நம்பிக் கீழ போகாதீங்க, ஸ்டாண்ட் வையுங்க.

மாமாட காரில நான் பற்றரியையும் அதின்ட தட்டையும் எடுத்திட்டுப் பாத்தன். கனெக்டர் கிளிப்பை அமத்தினா வருதில்லை, புழுதியும் எண்ணெயும் கட்டிச் சீமெந்து மாதிரி இறுகிக் கிடக்கு, ஒரு பழைய பல் பிரஷால தேச்சுத் தேச்சு மெல்ல ஆட்டித்தான் எடுத்தன். உள்ளுக்கு ஒன்பது முனை, அதில ரெண்டு முனை மட்டும் மற்றதை விட மொத்தம், அந்த ரெண்டிலயும் கொத்துமல்லி இலைப் பச்சையில ஒரு தூள் அப்பியிருந்தது. விரலால தொட்டா மாப் போல ஒட்டுது. கடல் உப்புச் செய்த வேலை.

அந்த ரெண்டு மொத்த முனைதான் செல்ப் கரண்ட் போறது. மீற்றரை பீப் அடிக்கிற இடத்தில வச்சு, ரெண்டு முனையிலயும் ரெண்டு ஊசியைப் பிடிச்சுக்கொண்டு, மாமியை உள்ளுக்கு இருத்தி லீவரை மாத்தச் சொன்னன். நியூட்ரல், பீப். ட்ரைவ், சத்தம் இல்லை, அது சரி. றிவேர்ஸ், இல்லை, அதுவும் சரி. பார்க், இல்லை. திரும்ப பார்க், ஒரு சின்ன விக்கல் மாதிரி பீ எண்டு வந்து நிண்டுது. "என்ன தம்பி, பிடிபட்டுட்டுதா?" எண்டு மாமி உள்ளுக்கு இருந்து கேட்டா. பிடிபட்டுது.

இதில ஒரு விசயத்தை வடிவாக் கவனிக்கோணும். மீற்றர் அடிக்கிற கரண்ட் சரியான சின்னது, மயிரளவு கொன்டாக்ட் இருந்தாலும் பீப் சத்தம் வந்திடும், ஆனா சொலினொயிட் கேக்கிற கரண்ட் அந்த மயிரளவுக்குள்ளால போகாது. அதால பீப் அடிச்சா சுவிட்ச் நல்லம் எண்டு முடிவெடுக்காதீங்க. கனெக்டரைத் திரும்பச் செருகி, பின்பக்கத்தால ஊசியை விட்டு, ஒராள் திறப்பை ஸ்டார்ட்ல பிடிச்சிருக்கேக்க வோல்ட் பாருங்க. உள்ள வாற வயர்ல 12 கிட்ட இருக்கு, வெளிய போறதில ஒண்டுமில்லை எண்டா சுவிட்ச் திறந்து கிடக்கு. ரெண்டு முனைக்கும் நடுவில ஊசி வச்சா அரை வோல்ட்டுக்குள்ள வந்தாச் சரி, ரெண்டு மூண்டு வோல்ட் காட்டினா உள்ளுக்கு எரிஞ்சு கறுத்திட்டுது. உள்ள வாற வயர்லயே கரண்ட் இல்லை எண்டா இன்னும் பின்னுக்குப் போங்க, பியூஸ், திறப்பு சுவிட்ச், பிறகு பின்னாடி பூட்டின அலாரம். கன அலாரங்கள் செல்ப் வயரைத்தான் வெட்டி இடையில ரிலே போட்டிருக்கும், அந்த ரிலே பழுதானாலும் இதே அமைதிதான்.

கடைசி நிச்சயத்துக்கு, கனெக்டரைக் கழட்டி வயர் பக்கத்துக் கனெக்டர்ல அந்த ரெண்டு முனையையும் பியூஸ் போட்ட ஒரு துண்டு வயரால இணைச்சுப் பாக்கலாம். லீவர் பார்க்கில, ஹேண்ட்பிரேக் மேல, சில்லுக்குக் கல்லு. செல்ப் அடிச்சா குற்றவாளி அந்த சுவிட்ச்தான். பாத்து முடிஞ்ச உடனே அந்த வயரைக் கழட்டிப் போடுங்க.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லோணும். எங்கட ஊர்ல நான் பாத்த பழைய வான் ரெண்டு மூண்டில இந்த ரெண்டு வயரையும் முறுக்கி டேப் சுத்தி விட்டிருக்கு, சுவிட்சே இல்லாம ஓடுது. செலவில்லாத வேலை எண்டு ஆக்களும் சந்தோசமாக் கொண்டு போறாங்க. எங்கட ஒழுங்கையில ஒருத்தர்ட வான் அப்பிடித்தான், லீவர் றிவேர்ஸ்ல கிடந்தது தெரியாம மகன் திறப்பைத் திருப்பினவன், பின்னால பாஞ்சு கிடுகு வேலியையும் தண்ணிப் பைப்பையும் உடைச்சுக்கொண்டு போய் நிண்டுது. அதுக்குப் பத்து நிமிசத்துக்கு முன்னம் அந்த வேலிக்குப் பக்கத்திலதான் ரெண்டு சின்னப் பிள்ளைகள் விளையாடினதுகள். தயவு செய்து அந்த வயரை முறுக்கி விடாதீங்க, அப்பிடிச் செய்து தாறன் எண்டு ஆரும் சொன்னாலும் வேண்டாம் எண்டு சொல்லுங்க.

திருத்திற வேலை பெரிசில்லை. முதல்ல பற்றரி எர்த்தைக் கழட்டிட்டு, கனெக்டரை கொன்டாக்ட் கிளீனர் அடிச்சுப் பிரஷால தேய்ங்க, பெற்றோல் ஊத்தாதீங்க, பிளாஸ்டிக்கும் ரப்பரும் போயிடும். பிறகு கேபிள் நுனியில இருக்கிற பிளாஸ்டிக் புஷ்ஷைப் பாருங்க, அது நொருங்கி ஆட்டம் விட்டா சுவிட்ச் நல்லமா இருந்தும் லீவர் ஒரு இடத்திலயும் கியர் பெட்டி இன்னொரு இடத்திலயும் நிக்கும். கேபிள் சரி எண்டா சுவிட்சை நிலைப்படுத்திறது. கியர் பெட்டி லீவரைப் பார்க்கில இருந்து ரெண்டு கிளிக் எடுத்தா நியூட்ரல், சுவிட்ச் போல்ட் ரெண்டையும் லூஸ் பண்ணி, டொயோட்டாவில சுவிட்ச் உடம்பில கீறியிருக்கிற நியூட்ரல் கோடும் தண்டுப் பக்கத்துக் காடியும் ஒரே நேர்ல வாற மாதிரித் திருப்பி இறுக்கோணும், சில நிசான்ல சுவிட்ச் ஓட்டையும் லீவர் ஓட்டையும் பொருத்தி 4 மில்லிமீற்றர் பின் ஒண்டைச் செருகி வச்சு இறுக்கோணும். சின்ன போல்ட், மூச்சுப் பிடிச்சு முடுக்கினா அலுமினியப் புரி போயிடும்.

மாமாட சுவிட்ச் நிலைப்படுத்தியும் பார்க்கில விக்கிக்கொண்டுதான் இருந்தது, அதால கொழும்பு பஞ்சிகாவத்தையில ஒரு ரீகண்டிஷன் சுவிட்ச் எடுப்பிச்சம். பழசின்ட படத்தை, முனை எண்ணிக்கையை, கனெக்டர் வடிவத்தை அனுப்பித்தான் எடுக்கோணும், ஒரே மொடல் காரிலயே கியர் பெட்டி மாறினா சுவிட்சும் மாறும். ரீகண்டிஷன் சாமான் எண்டா பூட்ட முன்னம் கையில வச்சே தண்டைச் சுத்தி மீற்றர்ல பார்க்கும் நியூட்ரலும் அடிக்குதா எண்டு பாருங்க, நாங்க பாத்துத்தான் பூட்டினம்.

பூட்டி முடிய எல்லா இடத்திலயும் திறப்பைத் திருப்பிப் பாக்கோணும், பார்க்கில அடிக்கோணும், நியூட்ரல்ல அடிக்கோணும், பிறகு முன்னுக்குப் பின்னுக்கு ஆக்களை விலத்திட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பெடலை இறுக்கி அமத்திக்கொண்டு றிவேர்ஸ்லயும் ட்ரைவ்லயும் ஒரு கண் வெட்டு நேரம் திருப்பினா அடிக்கவே கூடாது, அடிச்சா திரும்பக் கழட்டி நிலைப்படுத்துங்க. அதோட ஒராளைப் பின்னுக்கு நிக்காமப் பக்கத்தில நிக்கச் சொல்லி றிவேர்ஸ் லைட்டைப் பாருங்க, அதுவும் பத்தினா பொனட்டை மூடலாம்.